எட்டுத் துளைகள், இரண்டே எண்கள்

புதைந்த குழாயும் புதிய வால்வும்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தெருவைத் தோண்டிக் குடிநீர்க் குழாயின் வால்வை மாற்றும் வேலை அடிக்கடி நடக்கிறது. பழுதான வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, புதியதைப் பள்ளத்துக்குள் இறக்குகிறார்கள். குழாயின் முனையில் தட்டையான ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. வால்வின் முனையிலும் அதேபோல் ஒன்று. இந்த வளையத்துக்கு ஃபிளாஞ்ச் என்று பெயர். இரண்டையும் ஒட்டிவைத்து, நடுவில் ரப்பர் வளையம் கொடுத்து, எட்டு போல்ட்டுகளைக் கோத்து முடுக்கினால் வேலை முடிந்தது.

குழாய் பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஆலையில் செய்யப்பட்டது. வால்வு வேறொரு ஊரில், வேறு கைகளால், சில மாதங்களுக்கு முன் செய்யப்பட்டது. செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருந்தும் இங்கே எட்டுத் துளைகள் அங்கே எட்டுத் துளைகளுக்கு நேராக வந்து நிற்கின்றன. இது எப்படி முடிகிறது?

விடையின் முதல் பாதி எளிது. துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தரநிலை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. 100 மி.மீ. குழாய்க்குப் பரவலாகப் பயன்படும் ஒருவகை ஃபிளாஞ்சில், 180 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மேல் எட்டுத் துளைகள் சம இடைவெளியில் அமைகின்றன. ஒவ்வொரு துளையும் 19 மி.மீ. அதில் செல்லும் போல்ட் 16 மி.மீ. துளைகளின் மையங்கள் அமையும் அந்தக் கற்பனை வட்டத்தைத் துளைவட்டம் எனலாம். பட்டறையில் அதற்குப் பி.சி.டி. என்று பெயர்.

விடையின் இரண்டாம் பாதி, தாளில் உள்ள அந்த எண்கள் இரும்பில் துளைகளாக மாறும் விதம். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மூன்று மில்லிமீட்டர் சலுகை

போல்ட்டை விடத் துளை 3 மி.மீ. பெரியது. இந்தத் தளர்வு வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது. எதிரெதிரே நிற்கும் இரண்டு துளைகளின் மையங்கள் 3 மி.மீ. வரை விலகியிருந்தாலும் போல்ட் நுழைந்துவிடும். இரண்டு ஃபிளாஞ்சுகளும் இந்தச் சலுகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதால், ஒவ்வொன்றின் பங்குக்கும் கிடைப்பது 1.5 மி.மீ. மட்டுமே. எட்டுத் துளைகளில் ஏழு சரியாக அமைந்து எட்டாவது மட்டும் 4 மி.மீ. விலகி நின்றால், வால்வு முழுவதும் பயனற்றது.

1.5 மி.மீ. தாராளமான அளவாகத் தோன்றலாம். கையால் குறித்துத் துளையிட்டால் அது எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது என்று பார்க்கலாம்.

கவராயமும் ஜிக்கும்

பழைய முறையில், ஃபிளாஞ்சின் மேல் கவராயத்தால் துளைவட்டம் வரையப்படும். பிறகு அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையிலான தூரத்தைக் கவராயத்தில் வைத்து வட்டத்தின் மேல் எட்டு முறை அடியெடுத்து நடப்பார்கள். அந்தத் தூரம் 68.883 மி.மீ. இரும்பு ஸ்கேலைப் பார்த்துக் கவராயத்தை அந்த அளவுக்கு விரிக்க முடியாது. 69 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அடியிலும் 0.117 மி.மீ. கூடுதல். ஒரு முடியின் பருமனை ஒத்த பிழை அது. ஆனால் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் முடிவில் தொடங்குவதால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எட்டாம் துளையை எட்டும்போது விலகல் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. ஆகிவிடும். துளையின் மையத்தில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்ச் சறுக்குவது, டிரில் ஓரமாக ஓடுவது ஆகியவற்றையும் சேர்த்தால் 1.5 மி.மீ. சலுகையில் மிச்சம் அதிகம் இராது.

இதைத் தவிர்க்கத் தொழிற்சாலைகள் கண்ட வழி ஜிக். துளைகள் மிகத் துல்லியமாக இடப்பட்ட ஒரு தடித்த எஃகுத் தகட்டில், புஷ் எனப்படும் கடினமாக்கிய சிறு குழல்களைப் பொருத்தி, அதை வேலைப்பொருளின் மேல் வைத்து, புஷ் வழியாகவே டிரில்லை இறக்குவார்கள். குறிக்க வேண்டாம், பஞ்ச் அடிக்க வேண்டாம். ஜிக் நல்ல கருவி. அதன் குறை ஒன்றுதான்: ஒரு ஜிக் ஒரே ஓர் அளவுக்குத்தான் பயன்படும். 80 மி.மீ. வால்வுக்கு ஒன்று, 100-க்கு ஒன்று, 150-க்கு ஒன்று எனச் செய்து அடுக்கிவைக்க வேண்டும். வடிவமைப்பு மாறினால் பழையது கழிவு இரும்பு.

எண்கள் எந்திரத்துக்குள் வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான பாகங்களைச் செய்துவந்தார். அந்த இறக்கையின் வளைவைச் சோதிக்கும் அச்சுத்தகடு மிகச் சரியாக அமைய வேண்டும். அவரும் பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலெனும் வளைவின் மேல் உள்ள ஏராளமான புள்ளிகளை, துளை அட்டைகளால் இயங்கிய கணக்கிடும் எந்திரத்தைக் கொண்டு கணித்தார்கள். பட்டறையில் ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைச் சுழற்றி மேசையை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள்.

எண்களை வாசிக்கவும் சக்கரத்தைச் சுழற்றவும் மனிதர் எதற்கு என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1949-ல் அமெரிக்க விமானப்படை இந்த முயற்சிக்குப் பணம் தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதில் சேர்ந்தது. துளையிட்ட காகித நாடாவிலிருந்து எண்களைப் படித்து, மூன்று திசைகளிலும் தானே நகரும் மில்லிங் எந்திரத்தை அந்தக் கழகம் 1952-ல் இயக்கிக் காட்டியது. பின்னாளில் காகித நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது. இதுவே கணினி எண் கட்டுப்பாடு. பட்டறைகளில் இதன் பெயர் சி.என்.சி.

ஜிக் தன் துளைகளின் இடத்தை எஃகில் சுமக்கிறது. சி.என்.சி. எந்திரம் அதையே எண்களாகச் சுமக்கிறது. அளவு மாறினால் எண்களை மாற்றினால் போதும். ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலைகள் இன்றும் எட்டு டிரில்களையும் ஒன்றாக இறக்கும் தனி எந்திரங்களை வைத்திருக்கின்றன. பல அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டிய இடத்தில் சி.என்.சி.தான் வேலைக்கு ஆகும்.

ஒரு துளைக்கு இரண்டு எண்கள்

நம் ஃபிளாஞ்சின் எட்டுத் துளைகளை இப்போது எண்களாக மாற்றலாம். ஃபிளாஞ்சின் நடுப்புள்ளி பூஜ்ஜியம். அதிலிருந்து வலப்பக்கம் செல்லும் தூரம் எக்ஸ், முன்னோக்கிச் செல்லும் தூரம் ஒய். இடப்பக்கமும் பின்பக்கமும் கழித்தல் குறி பெறும்.

குழாய் ஃபிளாஞ்சில் துளைகள் நட்டநடுக் கோட்டின் மேல் வருவதில்லை. கோட்டின் இருபுறமும் சமமாகப் பிரிந்து நிற்கும். எந்த ஆலையில் செய்தாலும் வால்வு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. அதன்படி முதல் துளையின் இடம்: எக்ஸ் 83.149, ஒய் 34.442.

இரண்டாம் துளைக்கு இந்த இரு எண்களும் இடம் மாறுகின்றன: எக்ஸ் 34.442, ஒய் 83.149. மூன்றாவதற்கு எக்ஸில் கழித்தல் குறி சேர்கிறது: எக்ஸ் -34.442, ஒய் 83.149. இப்படியே குறியையும் வரிசையையும் மாற்றிக்கொண்டே போனால் எட்டுத் துளைகளும் முடிந்துவிடுகின்றன. வட்டத்தின் சமச்சீர்மையால் எட்டுத் துளைகளுக்கும் இரண்டே எண்கள் போதுமானவை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டாம் துளையின் இடம் ஏழாம் துளையிலிருந்து அளக்கப்படவில்லை. எல்லாத் துளைகளும் நடுப்புள்ளியிலிருந்தே அளக்கப்படுகின்றன. ஒன்றில் நேரும் சிறு பிழை அடுத்ததற்குப் போவதில்லை. கவராய நடையில் ஏறிக்கொண்டே வந்த பிழைக்கு இந்த முறையில் வழியே இல்லை.

ஜீரோ எடுப்பது

எண்கள் தயார். ஆனால் ஃபிளாஞ்சின் நடுப்புள்ளி மேசையின் மேல் எங்கே இருக்கிறது என்பது எந்திரத்துக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது இயக்குநரின் வேலை. பட்டறை வழக்கில் இதை ‘ஜீரோ எடுப்பது’ என்பார்கள்.

முதலில் மேசையையும் வால்வின் அடிப்பரப்பையும் துடைக்க வேண்டும். அடியில் ஒரு சிறு இரும்புச் சீவல் சிக்கினாலும் வால்வு சாய்ந்துவிடும், துளைகளும் சாயும். பிறகு கிளாம்ப் போட்டு இறுக்கி, சுழலும் தலையான ஸ்பிண்டிலில் டயல் அளவியைப் பொருத்தி, அதன் முனை வால்வின் நடு ஓட்டையின் உட்சுவரைத் தொடும்படி வைக்கிறார்கள். ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினால், நடுப்புள்ளி விலகியிருக்கும் அளவுக்கு முள் ஆடும். எதிரெதிர்ப் பக்கங்களின் அளவுகளில் வேறுபாடு 0.40 மி.மீ. என்றால், மேசையை அதில் பாதியான 0.20 மி.மீ. நகர்த்த வேண்டும். நான்கு பக்கமும் முள் அசையாமல் நிற்கும்போது ஸ்பிண்டில் சரியாக நடுவில் இருக்கிறது. அந்த இடத்தை ஜி54 என்னும் நினைவுப் பெட்டியில் பதித்துவிட்டால், அதுவே அந்த வேலைக்குப் பூஜ்ஜியம்.

இந்த ஒரு செயலில் கவனம் தவறினால் என்ன ஆகும்? ஜீரோ 2 மி.மீ. தள்ளிப் பதிந்ததாகக் கொள்வோம். எட்டுத் துளைகளும் ஒன்றுக்கொன்று மிகச் சரியான தூரத்தில் இருக்கும். ஆனால் எட்டும் சேர்ந்து 2 மி.மீ. நகர்ந்திருக்கும். அடுத்த வால்விலும் அப்படியே, நூறாவது வால்விலும் அப்படியே. சி.என்.சி. எந்திரம் தவறையும் பிசகாமல் திரும்பச் செய்யும்.

டிரில்லின் நீளம்

பூஜ்ஜியம் மேசைக்கு மட்டும் போதாது, ஆழத்துக்கும் வேண்டும். மேலும் கீழும் நகரும் திசைக்கு இசட் என்று பெயர். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு நீளம். துளையின் இடத்தில் சிறு குழி இடும் ஸ்பாட் டிரில் குட்டையானது, 19 மி.மீ. டிரில் நீளமானது. இரண்டின் நுனியும் வால்வின் மேற்பரப்பைத் தொடும் உயரத்தைத் தனித்தனியே அளந்து பதிய வேண்டும். இதுவே டூல் ஆஃப்செட், அதாவது கருவி நீள ஈடு.

மழுங்கிய டிரில்லைச் சாணை பிடித்தால் அதன் நீளம் குறையும். புதிய நீளத்தைப் பதியாமல் ஓட்டினால் துளை முழுவதும் ஊடுருவாமல் நின்றுவிடலாம். மாறாக, குட்டை டிரில் இருந்த இடத்தில் நீளமானதை மாட்டிவிட்டு ஆஃப்செட்டை மாற்ற மறந்தால், அது முழு வேகத்தில் வந்து வேலைப்பொருளில் மோதும். டிரில் உடைவதோடு ஸ்பிண்டிலின் பேரிங்குகளும் சேதமாகலாம்.

ஸ்பாட் டிரில் எதற்கு என்ற கேள்வி எழலாம். திருகு வடிவ டிரில்லுக்கு 1863-ல் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை. இரு பக்க விளிம்புகள் இரும்பை வெட்டுகின்றன. நுனியின் நட்டநடுவில் இருக்கும் குறுகிய கோடு வெட்டுவதில்லை, அழுத்தி நசுக்கத்தான் செய்கிறது. வழவழப்பான பரப்பில் இறங்கும்போது அந்தக் கோடு ஒரு பக்கமாகச் சறுக்கும். எந்திரம் சரியான இடத்தில் நின்றாலும் துளை விலகிவிடும். முதலில் ஒரு சிறு குழி இருந்தால் டிரில் அதில் அமர்ந்து நேராக இறங்கும்.

எத்தனை சுற்று, எவ்வளவு இறக்கம்

வால்வு வார்ப்பிரும்பாலானது, டிரில் ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு என்று கொள்வோம். இந்த இணைக்கு வெட்டும் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் இரும்பின் மேல் ஓடுவது பொருத்தமானது. 19 மி.மீ. டிரில் ஒருமுறை சுற்றும்போது அதன் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 60 மி.மீ. ஓடுகிறது. 25 மீட்டரில் எத்தனை 60 மி.மீ. என்று வகுத்தால், நிமிடத்துக்குச் சுமார் 420 சுற்று. இதைவிட மிக வேகமாகச் சுற்றினால் விளிம்பு சூடேறி மழுங்கும்.

ஒரு சுற்றுக்கு டிரில் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பது ஊட்டம். பட்டறையில் ஃபீடு. சுற்றுக்கு 0.3 மி.மீ. என்று வைத்தால் 420 சுற்றுக்கு 126 மி.மீ. நிமிடத்துக்கு 126 மி.மீ. இறக்கம்.

ஃபிளாஞ்சின் பருமன் 20 மி.மீ. என்றால் டிரில் 20 மி.மீ. இறங்கினால் போதுமா? போதாது. டிரில்லின் நுனி கூம்பு வடிவம். அந்தக் கூம்பின் உயரம் விட்டத்தில் சுமார் பத்தில் மூன்று பங்கு, அதாவது 5.7 மி.மீ. கூம்பு முழுவதும் அடிப்பக்கம் வெளியே வந்தால்தான் துளை அடிவரை ஒரே அகலமாக இருக்கும். அதற்குமேல் சிறிது சேர்த்து 27 மி.மீ. இறக்குகிறார்கள். அடியில் டிரில் மேசையைத் துளைத்துவிடாதபடி தாங்கிகள் வைத்து உயர்த்தியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்து ஒரே கட்டளை வரியாகிறது: ஜி81 எக்ஸ்83.149 ஒய்34.442 இசட்-27 ஆர்3 எஃப்126. ஜி81 என்றால் துளையிடு. முதல் இரண்டு எண்களும் இடம், இசட் ஆழம், எஃப் ஃபீடு. ஆர்3 என்பது பரப்புக்கு 3 மி.மீ. மேலே வரை விரைந்து வந்து அங்கிருந்து மெதுவாக இறங்கு என்பதைக் குறிக்கிறது. அடுத்த ஏழு வரிகளில் புதிய எக்ஸும் ஒய்யும் மட்டும் எழுதினால் போதும். மற்றவற்றை எந்திரம் நினைவில் வைத்திருக்கும். 3 மி.மீ. மேலிருந்து 27 மி.மீ. கீழே வரை மொத்தம் 30 மி.மீ. பயணம். ஒரு துளைக்குச் சுமார் 14 வினாடி, எட்டுக்கும் நகரும் நேரம் சேர்த்து ஏறத்தாழ 2 நிமிடம்.

எந்திரம் தன் இடத்தை அறியும் விதம்

மேசையின் அடியில் நீண்ட திருகு ஒன்று இருக்கிறது. திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகு உருண்டைகள் உருள்வதால் தளர்வு மிகக் குறைவு. திருகு ஒரு சுற்று சுற்றினால் மேசை 10 மி.மீ. நகர்கிறது என்று கொள்வோம். மோட்டாரின் முனையில் உள்ள என்கோடர் என்னும் உணரி ஒரு சுற்றைப் பத்தாயிரம் பாகமாகப் பிரித்து எண்ணினால், ஒரு பாகம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதல் துளையிலிருந்து இரண்டாவதற்குப் போக எக்ஸ் திசையில் 48.707 மி.மீ. நகர வேண்டும். அதற்குத் திருகு 4.87 சுற்று சுற்ற வேண்டும். போக வேண்டிய இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் கட்டுப்பாட்டுக் கணினி இடைவிடாமல் ஒப்பிட்டு, வேறுபாடு இருக்கும்வரை மோட்டாரைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. பிழையைக் கண்டு தானே திருத்தும் இந்தச் சுழற்சிதான் துல்லியத்தின் வேர்.

முதல் ஜாப்

நிரல் எழுதியவுடன் யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. முதலில் டிரில்லை உயரத்தில் வைத்துக் காற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். அடுத்து ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, கையை நிறுத்தும் பொத்தானருகே வைத்துக்கொண்டு, முதல் ஜாப்பை, அதாவது முதல் வேலைப்பொருளை, துளையிடுவார்கள்.

துளையின் மையத்தை வெர்னியரால் நேரடியாக அளக்க முடியாது. அங்கே ஒன்றுமில்லை. ஆகவே அடுத்தடுத்த இரு துளைகளின் அருகு விளிம்புகளுக்கு இடையே அளந்தால் 49.88 மி.மீ. வர வேண்டும். தொலைவு விளிம்புகளுக்கு இடையே 87.88. இரண்டின் சராசரி 68.88. கவராயத்தால் எட்ட முடியாத அதே தூரம். துளை சற்றுப் பெரிதாகப் போயிருந்தாலும் இந்தச் சராசரி மாறாது என்பதுதான் இந்த முறையின் சிறப்பு.

அதன்பின் காது வேலை செய்கிறது. கூரான டிரில் ஒரே சீரான ஒலி எழுப்பும். மழுங்கியது கிறீச்சிடும். ஸ்பிண்டிலின் சுமை காட்டும் அளவு ஏறும், துளையின் அடியில் பிசிறு அதிகரிக்கும். வார்ப்பிரும்பு பொடியாக உதிர்வதால் அதைப் பெரும்பாலும் கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் இல்லாமலே துளையிடலாம். எஃகு நீண்ட சுருளாக வரும், கூலன்ட் தேவை. பொடி, சுருள் இரண்டையும் தூரிகையால்தான் அகற்ற வேண்டும், கையால் ஒருபோதும் கூடாது. சுழலும் ஸ்பிண்டிலருகே கையுறை அணிவதும் கூடாது. துணி சிக்கினால் அது கையையும் சேர்த்து இழுக்கும்.

சென்னை வெயிலில் அளவு

உலகம் முழுவதும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவையாகவே எழுதப்படுகின்றன. சென்னையில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடும். அந்த 20 டிகிரி வேறுபாட்டில் 180 மி.மீ. வார்ப்பிரும்பு சுமார் 0.04 மி.மீ. விரிகிறது. ஃபிளாஞ்சுக்கு அது பொருட்டில்லை. ஆனால் அதே எந்திரத்தில் பேரிங் அமரும் துளையைச் செய்தால், அந்த 0.04 மி.மீ. பேரிங்கை இறுகவோ தளரவோ வைத்துவிடும். அதனால்தான் துல்லியமான அளவுகளைக் குளிரூட்டிய அறையில், பொருள் அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் எடுக்கிறார்கள். கடற்காற்றின் ஈரமும் உப்பும் இங்கே இன்னொரு சிக்கல். புதிதாக வெட்டிய இரும்புப் பரப்பில் உடனே எண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறிவிடும்.

கற்கும் இடங்கள்

இந்தத் தொழிலின் தென்சென்னை முகவரி கிண்டி. 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டை இன்று திரு.வி.க. பெயரால் வழங்குகிறது. அடையாற்றை ஒட்டி 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த ஐ.ஐ.டி. எந்திர உற்பத்தியியலை ஆராய்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான தொழிற்பாட நூல்களைத் தயாரிக்கும் தேசிய நிறுவனமும் 1986-லிருந்து கிண்டியில்தான் இயங்குகிறது. தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.கள் புதிய தலைமுறை எந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டன. பத்தாம் வகுப்பு முடித்தவர் மெஷினிஸ்ட் பிரிவில் இரண்டாண்டு பயின்று இந்தத் தொழிலுக்குள் வரலாம். அவருக்கு அங்கே தேவைப்படும் கணிதம், பள்ளியில் கற்ற ஆயத்தொலைவுகளும் முக்கோணமும்தான்.

கவராயமும் பஞ்சும் பிடித்த கையின் திறமை சி.என்.சி. வந்ததும் அழிந்துவிடவில்லை. அது துளையிடும் நொடியிலிருந்து அதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்கு நகர்ந்திருக்கிறது: மேசையைத் துடைப்பதிலும், ஜீரோ எடுப்பதிலும், டூலின் நீளத்தைப் பதிவதிலும், முதல் ஜாப்பை அளப்பதிலும் இருக்கிறது. சொன்ன இடத்துக்குப் போவது எந்திரத்தின் வேலை. சொன்ன இடம் சரிதானா என்பதற்கு இயக்குநரே பொறுப்பு. கணக்கில் ஆர்வமும் கையில் பொறுமையும் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெற்றோர் இந்தத் தொழிலைக் கடைசித் தேர்வாக அல்லாமல் முதல் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.